தானே வாசிக்கும் பியானோ வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தானாக வாசிக்கும் பியானோ ஒன்று இருக்கிறது. விருந்துக்கு யார் வந்தாலும் நடப்பது ஒன்றுதான். கட்டைகள் தாமாக இறங்கி ஏறுவதைப் பார்த்துக் குழந்தைகள் கத்துவார்கள், சாப்பிட்டு முடித்ததும் பெரியவர்கள் விலை கேட்பார்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து, "கடையில நிக்கிறேன், இது வாங்கலாமா?" என்று போன் வரும். நான் பியானோ மெக்கானிக் அல்ல, வாங்கி, தவறுகள் செய்து, கற்றுக்கொண்டவன். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விலைகள் எல்லாம் அமெரிக்க டாலரில், ஒரு தோராயத்துக்குத்தான்.

1. "இதுவும் டிஜிட்டல் பியானோதானே? கீபோர்டுல டெமோ பாட்டு ஓடுற மாதிரி?"

இல்லை. டிஜிட்டல் பியானோவில் தந்தி கிடையாது, ஒலி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இது முழுப் பியானோ. இருநூறுக்கும் மேற்பட்ட எஃகுத் தந்திகள், கம்பளி போர்த்திய சுத்தியல்கள், மர ஒலிப்பலகை எல்லாம் இருக்கும். கூடுதலாக, 88 கட்டைகளின் பின்முனைக்கு அடியிலும் ஆளுக்கொரு சோலினாய்டு வைத்திருப்பார்கள். மின்சாரம் பாய்ந்தால் நடுவிலுள்ள கம்பியை மேலே தள்ளும் காந்தச் சுருள் அது. பின்முனை மேலே போனால் முன்முனை கீழே இறங்கும், சுத்தியல் தந்தியை அடிக்கும். பெடலுக்கும் இதே ஏற்பாடுதான். எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு வேகத்தில் தள்ளுவது என்று சொல்லும் மூளை மட்டுமே டிஜிட்டல்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், கடைகளில் "ஹைப்ரிட்" என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். யமஹா அவான்ட்கிராண்ட், கவாய் நோவஸ் போன்றவற்றில் கட்டையும் சுத்தியல் அமைப்பும் நிஜம், தந்தி இல்லை. யமஹா டிரான்ஸ்அகூஸ்டிக்கில் தந்தியும் உண்டு, ஒலிப்பலகையையே ஸ்பீக்கராக அதிர வைக்கும் கருவியும் உண்டு, ஆனால் அந்த ஏற்பாட்டுக்குக் கட்டையை அசைக்கத் தெரியாது. அதனால் விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: தந்தி இருக்கிறதா? கட்டை தானாக இறங்குமா? இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் மேலே படியுங்கள்.

2. "ரொம்பப் புது டெக்னாலஜியோ?"

கொள்ளுத்தாத்தா காலத்துச் சமாச்சாரம். எட்வின் வோட்டி என்ற அமெரிக்கர் 1890களில் பியானோலாவை உருவாக்கினார். துளையிட்ட காகிதச் சுருள் ஓட, காற்றழுத்தத்தால் கட்டைகள் இயங்கின. 1904இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலிருந்து வந்த வெல்ட்டே-மின்யோன் ஒரு படி மேலே போய், வாசித்தவரின் அழுத்தம், பெடல் நுணுக்கம் வரை பதிந்து திரும்ப வாசித்தது. ரேடியோவும் கிராமபோனும் வந்து இவற்றை ஓரங்கட்டின. இன்றைய மின்காந்த வகையைப் பெரிய அளவில் வீடுகளுக்குக் கொண்டுவந்தது 1980களில் யமஹாவின் டிஸ்க்ளேவியர். ஃப்ளாப்பி டிஸ்கையும், பியானோவைக் குறிக்கும் கிளாவியர் என்ற ஜெர்மன் சொல்லையும் சேர்த்து வைத்த பெயர் அது.

3. "என்னென்ன பிராண்ட் இருக்கு? எது எதோட ஒப்பிடணும்?"

இரண்டு குடும்பம். முதலாவது, தொழிற்சாலையிலேயே பொருத்தி வருபவை. யமஹாவின் டிஸ்க்ளேவியர் என்ஸ்பயர், ஸ்டைன்வேயின் ஸ்பிரியோ இரண்டும்தான் முக்கியமானவை. 2008இல் போசென்டார்ஃபரை யமஹா வாங்கிவிட்டதால், அந்த வியன்னா பியானோவும் இன்று டிஸ்க்ளேவியர் ஏற்பாட்டோடு கிடைக்கிறது. இவற்றை வேறு பியானோவில் கழற்றி மாட்ட முடியாது.

இரண்டாவது குடும்பம், எந்தப் பியானோவிலும் பிறகு பொருத்தக்கூடியவை. கலிபோர்னியாவின் பியானோடிஸ்க், கியூஆர்எஸ் நிறுவனத்தின் பிநோமேஷன் இரண்டும் இங்கே பிரபலம். கியூஆர்எஸ் 1900இல் காகிதச் சுருள் விற்கத் தொடங்கிய கம்பெனி, முன்பு சொன்ன பியானோலா காலத்து ஆள்.

ஸ்பிரியோவையும் பிநோமேஷனையும் ஒரே தாளில் எழுதி விலை ஒப்பிடுவதில் பொருளில்லை. முதலாவதில் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி ஸ்டைன்வே பியானோவுக்குத்தான் போகிறது.

4. "சரி, விலையைச் சொல்லுங்க."

ஒரு பியானோவில் பிறகு பொருத்தும் கருவி, வேலைக்கூலி உட்பட சுமார் 8,000 முதல் 15,000 டாலர் வரை ஆகும். பதிவுசெய்யும் வசதி வேண்டுமென்றால் மேல்முனைக்குப் போகும். புது டிஸ்க்ளேவியரில் சிறிய பேபி கிராண்டான 151 சென்டிமீட்டர் ஜிபி1கே வகையே 30,000 டாலரை எளிதாகத் தாண்டும். ப்ரோ என்ற உயர்ந்த வகைப் பெரிய கிராண்டுகள் லட்சத்தைத் தொடும். ஸ்பிரியோவில் மிகச் சிறியதே 170 சென்டிமீட்டர் மாடல் எம். அதுவே ஒரு லட்சம் டாலருக்கு மேல்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒரு கணக்கு இருக்கிறது. கடையில் விலைப்பட்டியல் தரும்போது, அதே பியானோ, அதே நீளம், அதே மெருகு, தானியங்கி வசதி இல்லாமல் என்ன விலை என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் மின்னணுப் பகுதிக்குக் கொடுக்கும் விலை. நான் முதலில் போன ஒரு கடையில் இதைக் கேட்டதும் விற்பவர் முகம் மாறியது. பியானோவுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்லி, கருவியின் விலையில் அதை ஏற்றி வைத்திருந்தார்கள். பியானோ ஐம்பது அறுபது வருஷம் உழைக்கும், மின்னணுப் பகுதி பதினைந்து இருபது வருஷம் தாண்டினால் அதிர்ஷ்டம். ஆயுள் வேறாக இருக்கும் இரண்டு பொருளை ஒரே பில்லில் வாங்குகிறோம். இரண்டு விலையும் தனித்தனியாகத் தெரிந்தே ஆகவேண்டும்.

5. "எஸ்டி, ப்ரோன்னு சொல்றாங்களே, காதுக்கு வித்தியாசம் தெரியுமா?"

டிஸ்க்ளேவியர் என்ஸ்பயரில் எஸ்டி சாதாரண வகை, ப்ரோ உயர்ந்த வகை. மிடி என்பது எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு வேகத்தில் அடிப்பது என்பதை எழுதி வைக்கும் கோப்பு வடிவம். சாதாரண மிடியில் ஒரு கட்டையின் அடிவேகத்துக்கு 127 படிகள். 1983இல் வந்த விதி, பெரும்பாலான கோப்புகள் இன்றும் அதில்தான். என்ஸ்பயர் ப்ரோ இதை 1024 படிகளாகப் பிரிக்கிறது, பெடலின் நிலையை 256 படிகளாக. ஸ்பிரியோவும் இதே உயரத்தில்தான் நிற்கிறது: சுத்தியல் வேகத்துக்கு 1020 படி, பெடலுக்கு 256.

ஆனால் பாட்டுக் கோப்பு 127 படியில் எழுதப்பட்டிருந்தால், 1024 படி கருவி என்ன செய்யும்? இல்லாத நுணுக்கத்தை உண்டாக்க முடியாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மிடி கோப்புகளை ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் ப்ரோவுக்குக் காசு கொட்ட வேண்டாம். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்து, தன் வாசிப்பைப் பதிந்து கேட்கப் போகிறார் என்றால் மட்டும் யோசியுங்கள். 2002இல் மினசோட்டாவில் தொடங்கிய பியானோ-இ-காம்பெடிஷன் என்ற போட்டியில் கலைஞர்களின் வாசிப்பை டிஸ்க்ளேவியரில்தான் பதிந்தார்கள். அந்த அளவு நம்பிக்கை அந்த உச்ச வகைகள் மேல் உண்டு.

6. "கடையில எதை வச்சு சோதிக்கிறது? எல்லாமே நல்லாத்தான் கேக்குது."

கேட்கும். ஏனென்றால் விற்பவர் போட்டுக் காட்டுவது எப்போதும் அதிரடியான பாட்டாக இருக்கும். பலமாக அடிப்பது சோலினாய்டுக்கு எளிது. அது திணறும் இடம் மெல்லிய வாசிப்பு. தந்தியை எட்டும் அளவுக்கு மட்டும், அதற்கு மேல் ஒரு இம்மியும் போகாமல் சுத்தியலை எறிய வேண்டும். கட்டையில் கொஞ்சம் உராய்வு கூடியிருந்தாலும் அந்த ஸ்வரம் காணாமல் போய்விடும், கட்டை இறங்கும், சத்தம் வராது.

ஆகவே மெதுவான, அடங்கிய குரலுள்ள ஒரு பாட்டைப் போடச் சொல்லுங்கள். ஒலி அளவைக் கீழே இறக்குங்கள். எந்த அளவில் ஸ்வரங்கள் விழத் தொடங்குகின்றன என்று பாருங்கள். அப்புறம் ஒரே கட்டையை வேகவேகமாகத் திரும்ப அடிக்கும் பாட்டு ஒன்று. அதற்கடுத்து, பாட்டின் நடுவில் பேசாமல் காதைப் பியானோவுக்கு அடியில் கொடுங்கள். பெடல் ஏறி இறங்கும்போது 'தொப் தொப்' என்று கேட்டால், இரவு அமைதியான வீட்டில் அது இன்னும் பெரிதாகக் கேட்கும். கடைசியில் கருவியை முழுதாக அணைத்துவிட்டு நீங்களோ, வாசிக்கத் தெரிந்த நண்பரோ கையால் வாசித்துப் பாருங்கள். அப்போது பிடிக்காத பியானோ, தானாக வாசிக்கும்போதும் நாளாவட்டத்தில் சலித்துப்போகும். நான் பார்த்தவரை இந்தக் கடைசிச் சோதனையைப் பாதிப் பேர் செய்வதே இல்லை.

7. "நாங்க அபார்ட்மென்ட். சத்தத்தைக் குறைக்க முடியாதா?"

ஓரளவுக்குத்தான். மேலே சொன்ன காரணத்தால், ஒரு எல்லைக்குக் கீழே போனால் ஸ்வரங்களே விழும். அந்த எல்லைகூட ஒரு ஆள் உரக்கப் பேசும் அளவுக்கு இருக்கும். பல டிஸ்க்ளேவியர் வகைகளில் சைலன்ட் வசதி உண்டு. ஒரு தடுப்புச் சட்டம் சுத்தியலைத் தந்திக்கு முன்னாலேயே நிறுத்திவிடும், ஒலி டிஜிட்டலாக ஹெட்ஃபோனில் வரும். அபார்ட்மென்ட்காரருக்கு இது ஒன்றே டிஸ்க்ளேவியர் பக்கம் சாயப் போதுமான காரணம், ஸ்பிரியோவில் இது கிடையாது. பிறகு பொருத்தும் கருவிகளிலும் சைலன்ட் சட்டம் கேட்டு வாங்கலாம், தனிக் காசு.

8. "அத்தை வீட்டுல பழைய பியானோ சும்மா கிடக்கு. அதுல இதைப் பொருத்திட்டா மிச்சம்தானே?"

அந்தப் பியானோவின் நிலையைப் பொறுத்தது. பொருத்துபவர்கள் கட்டைகளைத் தாங்கும் அடிப்பலகையில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, சோலினாய்டு வரிசையை அதற்குள் ஏற்றுவார்கள். திரும்ப ஒட்ட முடியாத வெட்டு. கட்டைகள் சீராக இறங்காத, சுத்தியல் தேய்ந்த பியானோவில் இதைச் செய்தால் ஆறாம் கேள்வியில் சொன்ன எல்லாக் கோளாறும் ஒன்றாக வரும். முதலில் ஒரு டெக்னீஷியனுக்குக் காசு கொடுத்துப் பியானோவைப் பார்க்கச் சொல்லுங்கள். கருவி விற்பவரின் ஆளாக இல்லாமல் இருந்தால் நல்லது. புதுப் பியானோவில் பொருத்துவதானால், பலகையை வெட்டிய பிறகும் பியானோ கம்பெனியின் உத்தரவாதம் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தெரிந்த ஒருவர் 500 டாலருக்கு வாங்கிய பியானோவில் 10,000 டாலர் கருவியைப் பொருத்தினார். கட்டைகள் அழகாகத்தான் அசைகின்றன. கேட்கத்தான் முடியவில்லை.

9. "டிஜிட்டல் மூளை இருக்கே, சுருதியும் தானே சேர்த்துக்குமா?"

சேர்த்துக்கொள்ளாது. தந்திகளின் மொத்த இழுவிசை இருபது டன்னுக்கு அருகில். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி மரம் காய்ந்தால் சுருதி இறங்கும், கோடையில் ஏறும். வருஷம் இரண்டு முறை ஆள் வந்தே ஆகவேண்டும், ஒவ்வொரு முறையும் 150 முதல் 250 டாலர்.

சாதாரணப் பியானோவைவிட இதில் சுருதி இன்னும் முக்கியம் என்பதுதான் வேடிக்கை. பல பாட்டுகளில் பியானோ நிஜமாக வாசிக்க, பாடகர் குரலும் வாத்தியக் குழுவும் ஸ்பீக்கரில் வரும். ஸ்பீக்கர் சரியாக 440 ஹெர்ட்ஸ் சுருதியில் நிற்கும், உங்கள் பியானோ கொஞ்சம் இறங்கியிருக்கும். தனியாக வாசித்தால் யாருக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் பாடத் தெரியாதவர்கூட முகம் சுளிப்பார்.

10. "பாட்டெல்லாம் சும்மா வருதா, மாசா மாசம் கட்டணுமா?"

ஸ்பிரியோவில் நூலகம் பியானோ விலையோடு சேர்ந்தது, தனிச் சந்தா இல்லை. ஐபேடும் கூடவே தருகிறார்கள். ஹோரோவிட்ஸ், கெர்ஷ்வின் போன்ற மறைந்த கலைஞர்களின் பழைய வாசிப்புகளையும் அதில் மீட்டெடுத்து வைத்திருக்கிறார்கள். டிஸ்க்ளேவியரில் உள்ளேயே சில நூறு பாட்டு வரும், தொடர்ந்து வானொலி போல ஓடவேண்டுமானால் சந்தா. பியானோடிஸ்க்கிலும் கியூஆர்எஸ்ஸிலும் தனித்தனி ஆல்பமாகவும் வாங்கலாம், சந்தாவும் கட்டலாம். ஐந்து வருஷச் சந்தாவைக் கூட்டி விலையோடு சேர்த்து எழுதிப் பாருங்கள்.

11. "ராஜா பாட்டு வாசிக்குமா?"

எல்லார் வீட்டிலும் உண்மையான கேள்வி இதுதான், மற்றதெல்லாம் மரியாதைக்குக் கேட்பது. இந்தக் கம்பெனிகளின் நூலகத்தில் மேற்கத்தியச் செவ்வியல், ஜாஸ், ஆங்கிலப் பாட்டுகள் மலைபோல் குவிந்திருக்கும். தமிழ்ப் பாட்டை நம்பி வாங்காதீர்கள். வழி, மிடி கோப்பு. வெளியிலிருந்து வரும் மிடி கோப்பை இந்தப் பியானோ ஏற்குமா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்யுங்கள். ஒரு பென்டிரைவில் கோப்பை எடுத்துக்கொண்டு கடைக்கே போய்ப் போட்டுப் பார்க்கலாம். டிஸ்க்ளேவியர் இந்த விஷயத்தில் தாராளம்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் கீபோர்டுக்காக எழுதியவை. புல்லாங்குழல், தபேலா, வயலின் எல்லாவற்றையும் பியானோக் கட்டையிலேயே அடிக்கச் சொன்னால் சந்தைக்கடை இரைச்சல்தான் வரும். நாங்கள் கடைசியில் கண்டுபிடித்த நல்ல வழி, பியானோ வாசிக்கும் கல்லூரிப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, பதினைந்து பாட்டை எங்கள் பியானோவிலேயே வாசிக்கச் சொல்லிப் பதிந்ததுதான். பதிவு வசதிக்குக் கொடுத்த காசு அன்றைக்கே சீரணித்துவிட்டது.

12. "அப்போ கர்நாடக சங்கீதம்?"

பியானோவில் இரண்டு கட்டைக்கு நடுவே போக வழியில்லை. ஸ்வரங்களை வளைத்து அசைக்கும் கமகம் இல்லாமல் தோடி ராகத்தை வாசித்தால் அது தோடி இல்லை. கீபோர்டில் பிட்ச் பெண்ட் சக்கரத்தைச் சுழற்றிச் சமாளிப்பார்களே, அந்தத் தகவல் கோப்பில் இருந்தாலும் நிஜத் தந்தியை வளைக்க ஆளில்லை, பியானோ அதைக் கண்டுகொள்ளாது. தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் மட்டும் அழகாகப் பொருந்தும். மேற்கத்திய மெட்டுகளின் வழியில், சங்கராபரண ஸ்வரங்களில், கமகமின்றி அமைந்தவை அல்லவா?

13. "பழைய டிஸ்க்ளேவியர் ஒண்ணு ரொம்ப மலிவா வருது. ஃப்ளாப்பி போடுற மாடல். வாங்கலாமா?"

என் வீட்டில் இருப்பதே அப்படி வாங்கியதுதான், அதனால் என் பதிலில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும். நான்காம் கேள்வியில் சொன்ன இரண்டு ஆயுள் கணக்கு இங்கே வாங்குபவருக்குச் சாதகமாகத் திரும்புகிறது. மின்னணுப் பகுதி பழசாகிவிட்டதால் விலை சரிந்திருக்கும், பியானோ இன்னும் பாதி வயதில் இருக்கும். ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு யுஎஸ்பி ஏற்கும் மாற்றுக் கருவியை மாட்டலாம். பழைய மாடல்களுக்கென்றே யமஹா டிகேசி-850, பிறகு டிகேசி-900 என்று கட்டுப்பாட்டுப் பெட்டிகளை வெளியிட்டது.

ஆனால் பார்க்கப் போகும்போது 88 கட்டையும் ஒவ்வொன்றாகத் தானே அசைகிறதா என்று இருந்து பார்த்துவிட்டு வாருங்கள். "எல்லாம் வேலை செய்யும், இப்போ பவர் கார்டு மட்டும் கிடைக்கல" என்று விற்பவர் சொன்னால் அதை வெறும் பியானோ விலைக்கு மட்டுமே கேளுங்கள். எனக்கு அப்படிச் சொன்ன ஒரு வீட்டில் உள்ளே எலி கடித்த வயர்கள் இருந்தன.

14. "திரும்பி சென்னைக்குப் போறப்போ எடுத்துட்டுப் போகலாமா?"

சாதாரணப் பியானோவே கடற்கரை ஊர்களில் கஷ்டப்படும். உப்புக் காற்றில் தந்தி துருப்பிடிக்கும், ஈரத்தில் கட்டைகள் உப்பி இறுகும். இறுகிய கட்டை என்றால் ஆறாம் கேள்விக்குத் திரும்புகிறோம். இதில் மின்சாரமும் சேர்கிறது. அமெரிக்கப் பியானோ 120 வோல்ட்டுக்கானது, அங்கே 230. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளிக்கலாம்தான். கம்பெனியின் உத்தரவாதம் அடுத்த நாட்டில் செல்லுமா என்று கேட்டுப் பாருங்கள், பதில் பெரும்பாலும் உங்களுக்குப் பிடிக்காது. சுருதி சேர்ப்பவர் சென்னையில் கிடைப்பார். சோலினாய்டு பழுது பார்ப்பவரைத் தேட வேண்டிவரும். மூன்று வருஷத்துக்குள் திரும்புவதாக இருந்தால் என் யோசனை, இங்கே வாங்கவே வேண்டாம்.

15. "பாட்டி சென்னையிலிருந்து மிடி கீபோர்டுல வாசிச்சா, இங்க நம்ம பியானோ அதே நேரத்துல வாசிக்குமா?"

ஒரு பத்து வயதுப் பெண் கேட்டது. பெரியவர்கள் கேட்டதையெல்லாம்விட இதுதான் கடினமான கேள்வி. கோட்பாட்டில் முடியும், வாசிப்புத் தகவலை இணையம் வழியே அனுப்பலாம். "அதே நேரத்தில்" என்பதில்தான் சிக்கல். இணையம் எடுக்கும் நேரம் ஒரு பக்கம். பியானோவே எடுக்கும் நேரம் இன்னொரு பக்கம். மெல்ல அடிக்கும் சுத்தியல் தந்தியை எட்ட, பலமாக அடிக்கும் சுத்தியலைவிட அதிக நேரம் ஆகும். வந்தவுடன் அப்படியே வாசித்தால் மெல்லிய ஸ்வரங்கள் பின்தங்கி, தாளம் நொண்டும். அதனால் டிஸ்க்ளேவியர் வெளியிலிருந்து வரும் தகவலை வழக்கமாக 500 மில்லி விநாடி, அதாவது அரை விநாடி தாமதித்து, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வாசிக்கும். இந்தத் தாமதத்தை அணைத்து வைக்கவும் முடியும், அப்போது தாளம் கொஞ்சம் ஆடும்.

பாட்டி வாசிக்க இவள் கேட்பதென்றால் அரை விநாடி யாருக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அப்போ பாட்டி முதல்ல, நான் அப்புறம்" என்று சொல்லிவிட்டாள்.